துர்கா சொன்ன அவசரம்

துர்காதேவிய பத்தி சொல்லணும்னா மொதல்ல அவ தொண்டைய பத்தி சொல்லணும். பவர்லூம் ஓட்ற ஊட்ல பொறந்தவ அவ. ஆந்திரா பார்டர்ல நகரின்னு ஒரு ஊரு, அங்க அவங்க ஊட்டு முன்னறையில தறி ஓடும், பின்னறையில அடுப்பு எரியும். நடுவுல யாரு யாரோட பேசணும்னாலும் கத்தித்தான் பேசணும். அந்த பழக்கம் ஆஸ்பத்திரிக்கும் கூடவே வந்துடுச்சி. சேர்ந்த புதுசுல, "ஏன்டி, பேஷன்டு காத கிழிச்சிட்டு அதுக்கும் தையல் போடணும்னு பாக்கறியா?"ன்னு நான் கிண்டல் பண்ணுவேன். அதுக்கும் கத்தித்தான் சிரிப்பா.

நான் மனோரமா. புத்தூரு. திருப்பதில ஒரு தனியார் ஆஸ்பத்திரில லேடீஸ் வார்டு சிஸ்டரு. ஆஸ்பத்திரி பேரு சொல்லமாட்டேன், நான் இன்னும் அங்க தான் வேல செஞ்சி துன்னுக்கினு இருக்கேன். எனக்கு வாய் ஜாஸ்தின்னு எல்லாரும் சொல்வாங்க. சொல்லட்டும். சத்தம் வேற, வாய் வேற. துர்காவுக்கு சத்தம் தான் இருந்துது, வாய் கெடையாது. வாய் இல்லாதவள என்னா பண்ணுவாங்கன்னு கிட்ட இருந்து பாத்தவ நான். பாத்துட்டு வயிறு எரியாம இருக்க நான் என்ன கல்லா?

அவ நைனா நாகேந்திரன் கூலிக்கு தறி ஓட்டினவரு. பொண்ண தெலுங்கு மீடியத்துல சேர்த்தாரு. "நம்ம பாஷை ஊட்லயே இருக்குது, எங்கயும் ஓடிப்போவாது. சோறு போடற பாஷைய நீ படி"ன்னாராம். படிச்சா. எப்டி படிச்சா தெரியுமா? பத்தாவது வரைக்கும் தெலுங்குல அவ தான் மொதல் மார்க்கு. தமிழ்ல பஸ்ஸு போர்டு கூட எழுத்து கூட்டித்தான் படிப்பா. நர்சிங் முடிச்சி எங்க ஆஸ்பத்திரிக்கு வந்தப்பறம், வார்டுல யாருக்கு தெலுங்குல என்னா எழுதணும்னாலும் அவகிட்ட தான் போவாங்க. ஊட்டுக்கு போற பேஷன்டுக்கு எந்த மாத்திரைய எப்ப போடணும், காயத்துல தண்ணி படலாமா கூடாதான்னு முத்து முத்தா எழுதி குடுப்பா. வராண்டாவுல மாட்டி இருக்குதே "சத்தம் போடாதீர்கள்"னு தெலுங்கு போர்டு, அது கூட அவ கையெழுத்து தான். மேனேஜர் விஜயராகவன் சார் தான் எழுத சொன்னாரு. ஊருக்கே கேக்கற தொண்டைய வெச்சிக்கினு அவ அந்த போர்ட எழுதினத பாத்து நாங்க சிரிச்ச சிரிப்புக்கு சூப்பர்வைசரு வந்து எங்கள திட்டிட்டு போனாங்க.

புருசன் முரளி நகரில லோடு ஆட்டோ ஓட்றான். தங்கமான புள்ள. ஒரே பொண்ணு ஹரிதா, ஸ்கூல் போறா. தினம் காலையில பாசெஞ்சர் வண்டி. அவ நகரில ஏறுவா, நான் புத்தூர்ல ஏறுவேன். எனக்கு எடம் புடிச்சி வெப்பா. வடமாலபேட்டை தாண்டறதுக்குள்ள ஜன்னல்ல தல சாய்ச்சி தூங்கிடுவா. எழுப்பி எறக்கறது என் வேல.

தூக்கம் ஏன் வராது? நைட்டு டூட்டி ஆளு வரலன்னா பகல் ஆளு தான் நிக்கணும். காலையில வேற ஆளு இல்லன்னா மறுபடி அவளே நிக்கணும். "ஆளு வந்ததும் போயிடலாம்மா"ம்பாங்க. எந்த ஆளு? போன ஆளுக்கு பதில் ஆளு எடுத்தா தான வரும்? வார்டு ரொம்பி வழியும், நர்ஸு ஒருத்தி. அவளே ட்ரிப்பு போடணும், அவளே ஊசி, அவளே தியேட்டருக்கு அனுப்பணும், அவளே கூட இருக்கறவங்க கிட்ட திட்டு வாங்கணும். டிபன் பாக்ஸ தொறக்காமயே திரும்ப எடுத்துக்கினு போன நாளெல்லாம் உண்டு. நின்ன டூட்டிக்கு பதிலா ஒரு நாள் லீவு தருவாங்களாம். அந்த லீவ நான் இது வரைக்கும் கண்ணால பாத்தது இல்ல.

மரியாத? அத கேக்காதீங்க. சொடக்கு போட்டு கூப்பிடுவான் நேத்து மொளச்சவன். நர்சுங்க தினம்னு ஒண்ணு வரும். அன்னைக்கி கேக்கு வெட்டி, "நீங்கெல்லாம் தேவதைங்க"ன்னு மைக்குல பேசுவாங்க. தேவதைக்கு பசிக்காது, கால் வீங்காது, மாசம் பொறந்தா சம்பளம் வேணாம். அதுக்கு தான் அந்த பேரு, வேற எதுக்கு?

இப்டி ஓடிக்கினு இருந்தப்போ தான் துர்காவுக்கு ஒரு கதவு தொறந்துது. சித்தூரு கவர்மென்ட் ஆஸ்பத்திரிங்களுக்கு கான்ட்ராக்டுல ஸ்டாஃப் நர்ஸ் எடுக்கறாங்கன்னு அப்ளிகேஷன் போட்டிருந்தா. லிஸ்ட்டுல பேரு வந்துடுச்சி. கான்ட்ராக்டு தான். ஆனா ஷிப்டுன்னா ஷிப்டு, சம்பளம் எங்களுக்கு வர்றத விட ரெண்டு பங்குக்கு மேல. திங்கக்கெழம ஒரிஜினல் சர்டிபிகேட்டோட சித்தூருக்கு வர சொல்லிட்டாங்க. அன்னைக்கி காட்டலன்னா லிஸ்ட்டுல அடுத்த பேரு. அவ்ளோ தான்.

அந்த ஒரிஜினல் எங்க இருக்குது? எங்க ஆஸ்பத்திரி ஆபீஸ் பீரோவுல. வேலைக்கு சேர்றப்பவே எல்லார்கிட்டயும் வாங்கி பூட்டி வெச்சிப்பாங்க. ஓடிப்போயிடுவோமாம். துர்கா ராஜினாமா எழுதி குடுத்துட்டு தினம் போய் கேப்பா. "பாக்கலாம்மா, சேர்மன் வரட்டும்"னு இழுத்துக்கினே இருந்தாரு மேனேஜரு. அவளும், "சரி சார்"னு திரும்பி வந்துடுவா. "நான் வந்து கேக்கட்டா?"ன்னா, "வேணாம்க்கா, நீ வந்தா சண்டையாயிடும்"பா.

அந்த வாரம் தான் ரங்கன் பெரியவருக்கு பித்தப்பை ஆபரேஷன் ஆச்சி. வடமாலபேட்டை பக்கம், நம்ம தமிழ் ஆளுங்க, வெவசாயம். கூட மகன் முனியப்பன். துர்கா மொத நாள் காலையில டூட்டிக்கு வந்தவ. நைட்டு ஆளு வரல. நின்னா. மறுநாள் காலையில வர வேண்டிய பொண்ணும் வேலைய உட்டுட்டு போயிடுச்சி. மறுபடி நின்னா. ஊட்டுக்கு போன் பண்ணி, "ஹரிதாக்கு தல பின்னி உட்டியா?"ன்னு முரளிய கேக்கறா, கேக்கறப்பவே கண்ணு சொருவுது. நான் பாத்தேன்.

நடு மத்தியானம். ரங்கனுக்கு வயித்துல போட்ட ட்ரெய்ன் ட்யூபுல ரத்தமா எறங்க ஆரம்பிச்சிது. பிபி எறங்குது. துர்கா கால்மாட்ட தூக்கி வெச்சா, ஆக்சிஜன் போட்டா, ட்ரிப்ப வேகமா உட்டா, ரத்தத்துக்கு ஆள ஓட உட்டா. அப்டியே போன எடுத்து சர்ஜன கூப்ட்டா. சர்ஜன் எங்கயோ இல்ல, கீழ ஓபில தான் உக்காந்துக்கினு இருக்காரு. அவ பேசனது எனக்கு அடுத்த வார்டுல கேட்டுது. கேக்காம இருக்குமா, அவ தொண்டைக்கு?

"சார், ரங்கன் பேஷன்டுக்கு பிபி எய்ட்டி. ட்ரெய்ன்ல பிளட் வஸ்தோந்தி சார். மீரு ராவாலி. அவசரம் சார், அவசரம்!"

ரத்தம் வருது, நீங்க வரணும்னு சொல்றா. அவரு "சரே"ன்னு வெச்சிட்டாரு.

இங்க தான் நீங்க கவனமா கேக்கணும். தமிழ்ல அவசரம்னா என்னா? ஓடியான்னு அர்த்தம். அதே வார்த்தை தெலுங்குலயும் இருக்குது. ஆனா தெலுங்குல அவசரம்னா தேவைன்னு அர்த்தம், வேணும்னு அர்த்தம். ஓடியான்னு சொல்ல அங்க வேற வார்த்தை, தொந்தர. எங்க பார்டர் பக்கத்து தமிழ் ஜனங்க தெலுங்கு பேசறப்பவும் அவசரம்னு தான் சொல்லுவோம். கடைக்காரங்க சிரிப்பாங்க. பஸ் கண்டக்டரு கூட கிண்டல் பண்ணுவான். ஆனா ஒண்ணு, இந்த ஜில்லாவுல ஒரு தமிழ் ஆளு வாயில அவசரம்னு வந்தா அது எந்த அவசரம்னு புரியாத தெலுங்கு ஆளு ஒருத்தன் கெடையாது.

துர்கா அந்த தப்ப பண்ணவே மாட்டா. நாங்க பண்ணா திருத்துவா. அன்னைக்கி அவளுக்கே வந்துடுச்சி. ஏன் வராது? தூக்கம் இல்லாதவ வாயில படிச்ச பாஷை நிக்குமா, பொறந்த பாஷை தான் வரும்.

சர்ஜன் வரல. மறுபடி போன் பண்ணா, எடுக்கல. என்ன தன் வார்டுக்கு நிக்க வெச்சிட்டு படிக்கட்டுல எறங்கி ஓடினா. ஓபி வாசல்ல இருந்த ஆளு, "சார் உள்ள பேஷன்ட பாக்கறாரு, முடியட்டும்"னு நிறுத்திட்டான். கதவுக்கு வெளிய நின்னு இவ கத்தறா. உள்ள ஏசி, கதவு சாத்தி இருக்குது. ஓபி முடிஞ்சி, கை கழுவிக்கினு, மெதுவா தான் வந்தாரு. வந்து பாத்தப்பறம் தான் ஓட்டம். தியேட்டரு, மறுபடி ஆபரேஷன், ஐசியூ. ரங்கன் பொழச்சிக்கினாரு. அவரு பொழச்சது துர்கா ரத்தம் ரெடியா வெச்சிருந்ததால தான். அத யாரும் சொல்லல.

ரெண்டாவது ஆபரேஷனுக்கு பில்லு வந்துது. முனியப்பன் கொதிச்சிட்டான். நாலு ஆள கூட்டிக்கினு வந்து வாசல்ல நின்னான். "எங்க நைனா ரத்தம் ஊத்திக்கினு கெடக்கறாரு, டாக்டரு கீழ உக்காந்துக்கினு கீறாரு, கம்ப்ளெய்ன்ட் குடுப்பேன்"னான். ஞாயம் தான, நானும் உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன். சரி, இப்ப மாட்டினாரு சர்ஜன்னு.

மாட்டினது யாரு? மாமியா ஒடச்சா மண்சட்டி, மருமவ ஒடச்சா பொன்சட்டி.

மறுநாள் மீட்டிங்கு. சர்ஜன், மேனேஜர் விஜயராகவன் சார், சூப்பர்வைசரு, முனியப்பன், துர்கா. என்னையும் கூப்ட்டாங்க, அந்நேரத்துக்கு வார்டுல இருந்தேன்னு. சர்ஜன் சொன்னாரு, "நர்ஸு போன்ல அவசரம்னு தான் சொன்னாங்க. நான் தேவைன்னு எடுத்துக்கிட்டேன். தேவைன்னா ஓபி முடிச்சிட்டு வரலாம். தொந்தரகா ரண்டின்னு சொல்லி இருந்தா அந்த நிமிஷம் வந்திருப்பேன். தெலுங்கு தெரியாதவங்கள வெச்சா இப்டித்தான் ஆவும்."

எனக்கு வந்துது பாரு கோவம். "சார், பிபி எய்ட்டின்னு சொன்னாளே, அது எந்த பாஷை? ட்ரெய்ன்ல ப்ளட்டுன்னு சொன்னாளே, அது எந்த பாஷை? ரெண்டும் இங்கிலீஷு தான? அது உங்களுக்கு புரியலியா?"ன்னு கேட்டுட்டேன்.

சர்ஜன் என்ன பாக்கல, மேனேஜர பாத்தாரு. மேனேஜரு என்ன பாத்து, "மனோரமா, உன் வார்ட மட்டும் நீ பாத்துக்கோ"ன்னாரு. அவரும் யாரு? நகரிக்கு பக்கத்து ஊரு. ஊட்ல தமிழ். அவங்கம்மா அட்மிட் ஆனப்போ, "அவசரம், ஓடியாடா விஜயா"ன்னு அந்தம்மா போன்ல கத்தினத நான் கேட்டிருக்கேன். அப்போ ஓடியாந்தாரே, தேவைன்னு நெனச்சா ஓடியாந்தாரு? அந்த ஆபீஸ் சேர்ல உக்காந்தா மட்டும் அவருக்கு தமிழ் மறந்துடும்.

முனியப்பன கேட்டாங்க. "நர்ஸு போன்ல என்னா சொன்னாங்க, நீ பக்கத்துல தான இருந்த?" அவன் தரைய பாத்துக்கினு, "என்னமோ பேசினாங்க சார், எனக்கு சரியா தெரியல"ன்னான். அடப்பாவி! அவ கத்தினது பக்கத்து வார்டுல எனக்கு கேட்டுது, பக்கத்துல நின்ன உனக்கு கேக்கலியா? அப்பறம் தான் தெரிஞ்சிது, ரெண்டாவது ஆபரேஷன் பில்ல காலையிலயே தள்ளுபடி பண்ணிட்டாங்க. படிக்கட்டுல துர்காவ பாத்து, "தப்பா நெனச்சிக்காத நர்சம்மா, நைனாவ ஊட்டுக்கு கூட்டிக்கினு போவணும்"னான். அவ அவன திட்டுவான்னு நான் பாக்கறேன். "காலையில காயத்துக்கு கட்டு மாத்தினாங்களா?"ன்னு கேக்கறா. இவள என்னா சொல்றது? அறையணும் போல இருந்துது.

சாயங்காலம் மேனேஜரு ரெண்டு பேரையும் ஆபீஸுக்கு கூப்ட்டாரு. என்ன எதுக்குன்னா, சாட்சி கையெழுத்துக்கு. கதவ சாத்தினதும் அவருக்கு தமிழ் வந்துடுச்சி.

"அம்மா துர்கா, உன் நல்லதுக்கு சொல்றேன். திங்கக்கெழம சித்தூரு போவணும்னு சொல்ற. சர்டிபிகேட்ட இப்பவே குடுத்துடறேன். எங்களுக்கு ஒரு லெட்டர் மட்டும் குடுத்துடு. உனக்கு தெலுங்கு சரியா வராது, அதனால டாக்டருக்கு தப்பா சொல்லிட்டேன்னு. இது எங்க ஃபைல்ல தான் இருக்கும். வெளிய போவாது."

நான், "துர்கா, எழுதாத"ன்னேன். "எழுதினா தப்பு உன்னுதுன்னு ஆயிடும்டி."

"எழுதலன்னா திங்கக்கெழம போவும்க்கா"ன்னா. சத்தமே இல்லாம சொன்னா. அவ அவ்ளோ மெல்ல பேசி நான் அதுக்கு முன்ன கேட்டதே இல்ல.

பேப்பர் குடுத்தாரு. தெலுங்குல எழுதினா. எப்பவும் எழுதற மாதிரியே, அடிச்சி திருத்தாம, கோடு போட்ட மாதிரி. "நாக்கு தெலுகு சரிகா ராது." எனக்கு தெலுங்கு சரியா வராது. அந்த வரிய அவ்ளோ அழகா எழுதினவள நான் பாத்ததில்ல. மேனேஜரு வாங்கி படிச்சாரு. மொகம் மாறிடுச்சி.

"என்னம்மா இது? இப்டி எழுதி தெலுங்கு வராதுன்னு போட்டா எவன் நம்புவான்? சேர்மன் பாத்தா சிரிப்பாரு. வேற பேப்பர் எடுத்துக்கோ. அங்கங்க கொஞ்சம் தப்பு வெச்சி எழுது."

சத்தியமா சொல்றேன், இந்த காதால கேட்டேன். தப்பு வெச்சி எழுதுன்னாரு.

துர்கா பேனாவ புடிச்சிக்கினு உக்காந்துக்கினே இருந்தா. பத்தாவதுல மொதல் மார்க்கு வாங்கினவளுக்கு தப்பு எங்க வெக்கறதுன்னு தெரியல. ஒரு எழுத்த எழுதுவா, நிப்பா, யோசிப்பா, பக்கத்து எழுத்த கெடுப்பா. கொம்ப விட்டா. ஒத்த எழுத்து போடற எடத்துல ரெட்டையா போட்டா. மேனேஜரு வேற எட்டி எட்டி பாத்துக்கினு, "ம், அப்டித்தான்"னாரு. நான் சாட்சி கையெழுத்து போட மாட்டேன்னு பேனாவ தூக்கி மேசை மேல எறிஞ்சிட்டு வந்துட்டேன். சூப்பர்வைசர கூப்ட்டு போட வெச்சிக்கினாராம்.

வெளிய வந்தவ கையில சர்டிபிகேட்டும் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் கவரும். "கெடச்சிடுச்சிக்கா"ன்னா. கண்ணு செவந்து இருந்துது. "போவுது உடு, ஒரு பேப்பரு தான"ன்னா. நானும், "ஆமா, சித்தூரு போயி சேரு, இந்த மொகரைங்கள இனிமே பாக்க வேணாம்"னேன். அன்னைக்கி வண்டில ரெண்டு பேரும் ஒரு பொட்டலம் கடலை வாங்கி துன்னுக்கினே வந்தோம். புத்தூரு வர்ற வரைக்கும் ஹரிதாவுக்கு சித்தூர்ல எந்த ஸ்கூலுன்னு தான் பேச்சு.

திங்கக்கெழம எனக்கு லீவு. நானும் கூட போனேன். நகரில இருந்து வர்ற பஸ்ஸுல புத்தூர்ல ஏறிக்கினேன். துர்கா நல்ல பொடவ கட்டிக்கினு, தலையில கனகாம்பரம் வெச்சிக்கினு வந்திருந்தா. வரிசையில நின்னோம். சர்டிபிகேட் பாக்கறது ஒரு மேடம். கறாரான ஆளு, ஆனா கெட்டவங்க இல்ல. மார்க்கு எல்லாம் பாத்து தல ஆட்டினாங்க. அப்பறம் எங்க ஆஸ்பத்திரி குடுத்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர பிரிச்சாங்க. பிரிச்சா, கீழ ஒரு வரி: உள்ளூர் பாஷை சரியா தெரியாததால பேஷன்டுக்கு ஆபத்து ஏற்பட்டதுன்னு, அதுக்கு பின்னால அவ தப்பு தப்பா எழுதின அந்த லெட்டரோட நகல். வெளிய போவாதுன்னு சொன்ன லெட்டரு. கவர ஒட்டி குடுத்திருந்தாங்க. ஒட்டின கவர பிரிச்சா செல்லாதுன்னு இவ பிரிச்சி பாக்கவே இல்ல.

மேடம் கேட்டாங்க, "இந்த வேலைக்கு தெலுங்கு தெரியணும்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு, பாத்தீங்களா?"

துர்கா தெலுங்குல கடகடன்னு பேசினா. தெலுங்கு மீடியம், மொதல் மார்க்கு, எல்லாத்தையும் சொன்னா. கியூல இருந்தவங்க எல்லாம் திரும்பி பாத்தாங்க. மேடத்துக்கே ஆச்சரியம். "பேச்சு நல்லா தான் இருக்கு"ன்னு ஒரு பேப்பர தள்ளி, "ரெண்டு வரி எழுதி காட்டுங்க"ன்னாங்க.

எழுதினா. என் கடவுளே, எழுதினா பாருங்க, அச்சடிச்ச மாதிரி. சரி, தப்பிச்சோம்னு நெனச்சேன்.

மேடம் ரெண்டு பேப்பரையும் பக்கத்துல பக்கத்துல வெச்சி பாத்தாங்க. "ரெண்டுல எது நெஜம்?"

"இது தான் மேடம்."

"அப்போ அது பொய்யா? கையெழுத்து உங்களுது தான?"

"என்னுது தான். அவங்க எழுத சொன்னாங்க மேடம். சர்டிபிகேட் வேணும்னா எழுதுன்னாங்க."

"எழுத சொன்னா எழுதிடுவீங்களா?" மேடம் கோவமா கேக்கல, நெஜமாவே கேட்டாங்க. "நாளைக்கு எங்க வார்டுல ஒருத்தரு வந்து, குடுக்காத மருந்த குடுத்தேன்னு எழுதுன்னா அதையும் எழுதிடுவீங்களா?"

நான் நடுவுல பூந்து, "மேடம், என்னா நடந்துதுன்னு நான் சொல்றேன்"னேன். "நீங்க யாரும்மா?"ன்னாங்க. அதே ஆஸ்பத்திரி நர்ஸுன்னேன். "நீங்க இத எழுதி குடுப்பீங்களா, கையெழுத்து போட்டு?"ன்னாங்க. குடுக்கறேன்னேன். குடுத்தேன். என் பேரு, ஊரு, வேல, எல்லாம் போட்டு, எனக்கு தெரிஞ்ச தெலுங்குல எழுதி குடுத்தேன். ஃபைல பக்கத்துல வெச்சிட்டு, "மேல கேட்டு சொல்றோம்"னாங்க. மேல என்னா கேட்டாங்களோ, பதில் வரவே இல்ல. அடுத்த பேருக்கு வேல போயிடுச்சின்னு அப்பறம் தெரிஞ்சிது. தெலுங்கு தெரியாதுன்னா வேல இல்ல, தெரியும்னா பொய் சொன்னவ, அதனாலயும் வேல இல்ல. எப்டி அடச்சாங்க பாருங்க கதவ.

திருப்பதில வேற ஆஸ்பத்திரி இல்லியா? இருக்குது, தடுக்கி உழுந்தா ஆஸ்பத்திரி. ஒவ்வொண்ணா ஏறி எறங்கினா. எல்லாரும் அந்த எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர பாப்பாங்க, எங்க ஆபீஸுக்கு ஒரு போன் போடுவாங்க, சொல்லி அனுப்பறோம்பாங்க. முரளி ஆட்டோ ரிப்பேர்ல நின்னுடுச்சி. ஸ்கூல்ல இருந்து ஹரிதாவ ரெண்டு தடவ பீஸுக்கு வெளிய நிக்க வெச்சாங்களாம். "உன் மேனேஜரு மொகத்துல காறி துப்பிட்டு வர்றேன்"னு முரளி கெளம்பினான். இவ கால புடிச்சி நிறுத்தினாளாம்.

அப்போ மேனேஜரே கூப்ட்டு அனுப்பினாரு. அங்க தான் ஆளு இல்லியே, நாறிக்கினு இருக்குதே வார்டு! அவ போன எடத்துக்கு இன்னும் யாரும் வரல. எனக்கு ரெண்டு வார்டு. எரியற ஊட்ல புடுங்கறது லாபம்னு கணக்கு போட்டிருக்காரு.

"பழசெல்லாம் மறந்துடும்மா. நம்ம ஊரு பொண்ணுன்னு தான் கூப்ட்டேன்"னாரு. "ஆனா ஃபைல்ல அந்த லெட்டரு இருக்குது பாரு, உன்ன ஸ்டாஃபா எடுக்க முடியாது. ட்ரெய்னியா சேரு. தெலுங்கு நல்லா வந்ததும் ஸ்டாஃபாக்கலாம்."

ட்ரெய்னின்னா என்னா தெரியுமா? நேத்து படிப்பு முடிச்சிட்டு வர்ற பொண்ணு. பாதி சம்பளம், முழு வேல. வெள்ளை யூனிஃபார்ம் கெடையாது, ஊதா கலர்ல ஒரு கோட்டு. துர்கா கிட்ட ட்ரிப்பு போட கத்துக்கினாளே கீர்த்தின்னு ஒரு குட்டி, அவ இப்போ ஸ்டாஃபு. ட்ரெய்னி எல்லாம் ஸ்டாஃப மேடம்னு கூப்பிடணும்னு ரூல். கீர்த்தி என்கிட்ட வந்து, "அக்கா, துர்காக்கா என்ன மேடம்னு கூப்பிடுது, நான் எப்டி வேல செய்யறது?"ன்னு அழுவுது. நான் என்னா சொல்றது? எனக்கே கடுப்பு தாங்கல.

"ஏன்டி ஒத்துக்கினு வந்த?"ன்னு துர்காவ திட்டினேன். நல்லா திட்டினேன். "எனக்கு வேற வழி சொல்லு, போறேன்"னா. என்கிட்ட வழி இருந்துதா? வாய் மட்டும் தான் இருந்துது. அந்த வாய வெச்சிக்கினு நான் என்னத்த கிழிச்சேன்?

சேர்ந்த மூணாம் நாளே ஆளு வரல, டபுள் டூட்டி. விடிஞ்சி ரவுண்ட்ஸு. சர்ஜன் வந்தாரு. பின்னால நான், கீர்த்தி, ஃபைலு தூக்கிக்கினு ஊதா கோட்டுல துர்கா. ஒவ்வொரு பெட்டா பாத்துக்கினு வந்தவரு ஒரு எடத்துல நின்னாரு. ட்ரெய்ன் அளவு கேட்டாரு. துர்கா சொன்னா. மெதுவா தான் சொன்னா, இப்பெல்லாம் அவ கத்தறதில்ல. அப்போ தான் அவரு தலைய தூக்கி அவள பாத்தாரு. நேருக்கு நேரா, நல்லா பாத்தாரு. நான் அவரு வாயவே பாக்கறேன். என்னா சொல்ல போறாரு, ஏதாவது ஒரு வார்த்தை சொல்லுவாரான்னு.

"புதுசா வந்த பொண்ணா?"ன்னு என்கிட்ட தெலுங்குல கேட்டாரு. அவளயே அடையாளம் தெரியல அவருக்கு. ஒரு வார்த்தைய வெச்சி அவ பொழப்ப கெடுத்த ஆளுக்கு அவ மொகம் ஞாபகம் இல்ல. நான் வாய தொறக்கறதுக்குள்ள அவகிட்டயே திரும்பி, "தெலுகு வச்சா?"ன்னாரு. தெலுங்கு வருமான்னு கேக்கறாரு.

துர்கா ஃபைல மாரோட அணைச்சி புடிச்சிக்கினு, தலைய குனிஞ்சிக்கினு, அத்தன சுத்தமான தெலுங்குல சொன்னா:

"நேர்ச்சுக்குண்ட்டுன்னா சார்."

கத்துக்கினு இருக்கேன் சார்.